மெதுவாகச் சொன்ன ஒரே தடவை

என் மகன் பிறந்து மூன்று நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. வயிறு மட்டும் பந்து மாதிரி ஏறிக்கொண்டே போனது. பால் கொடுத்தால் பச்சையாக வாந்தி எடுத்தான். டாக்டர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் நாத்தனாருக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"வாயும் வயிறுமா இருக்கிறவ அந்தப் பட்டறையில நின்னு நாள் பூரா கத்தினா, உள்ள இருக்கிற பிள்ளைக்குக் குடல் சுருங்காம என்ன செய்யும்?"

நர்ஸ் காதில் விழட்டும் என்றே சொன்னாள். நேரில் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள், இவள்தான். மரியாதையை மனசு வரைக்கும் கொண்டுபோக எனக்கு வராது.

நான் கத்துகிறவள்தான், இல்லை என்று யார் சொன்னது? அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். அதற்குப் பக்கத்தில் நின்று பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிறவள் நான். "அட்டை தீந்துபோச்சு" என்று சாதாரணமாகச் சொன்னால் எதிரில் நிற்கிறவளுக்கு என் உதடு அசைவதுதான் தெரியும். வீட்டுக்கு வந்தாலும் தொண்டை உடனே இறங்காது. உப்பு எங்கே என்று நான் கேட்டால் மாடி வீட்டுக்காரி உப்போடு இறங்கி வருவாள். நாத்தனார் எனக்கு வைத்த பெயர் சங்கு. ஆலையில் ஊதுவார்களே, அந்தச் சங்கு. "என்னடா, வீட்டுல சங்கு ஊதியாச்சா?" என்று தம்பியிடம் போனில் கேட்பாள். எனக்கும் கேட்கும்.

தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், எனக்கு நேர் எதிர். குழாய் வேலை செய்கிறவர். யார் வீட்டில் எது அடைத்துக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். போவார், குனிந்து பார்ப்பார், அடைப்பை எடுப்பார், கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாது" என்று தெருவே சொல்லும். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, ஆள் சரியான கல்லுளிமங்கன். சாப்பாடு ருசியாக இருந்தாலும் பேச்சில்லை, தீய்ந்துபோனாலும் பேச்சில்லை. அக்கா என்னைச் சங்கு என்றாலும் பேச்சில்லை.

அன்று மட்டும் அவராக வாயைத் திறந்தார். அறுவை டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, குழந்தை வயிற்றின் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். மேலே குடல் கொழுகொழுவென்று பெருத்து வீங்கியிருந்தது. கீழே ஒல்லியாக ஒரு வால். என் வீட்டுக்காரர் வீக்கத்தின் மேல் விரலை வைத்து, "இங்கதான் சார் அடைப்பு" என்றார். தொழில்காரர் அல்லவா!

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். "எல்லாரும் அதைத்தான் காட்டுவாங்க. வீங்கியிருக்கே, அது நல்ல குடல்ங்க. தள்ளித் தள்ளிப் பார்த்து, வழி கிடைக்காம வீங்கிப்போச்சு. நோய் அதுக்குக் கீழ. இதோ, ஒல்லியா, ஒரு வம்புதும்பும் இல்லாத மாதிரி இருக்கு பாருங்க, இந்தப் பகுதி. இதுல நரம்புச் செல்லே கிடையாது. வயித்துக்குள்ள வளரும்போது அந்தச் செல்லெல்லாம் மேலயிருந்து கடைசி வரைக்கும் நடந்து வரணும். உங்க பையனுக்குப் பாதி வழியிலயே நின்னுடுச்சு. செல் இல்லாத குடல் அப்படியே இறுகிக்கிட்டுக் கிடக்கும். எதையும் கீழ விடாது."

"அப்ப வீங்கினது மேல தப்பில்லையா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அது பாவம், அது வேலையைத்தான் செஞ்சுது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையின் வயிற்றில் ஓட்டை போட்டு, நல்ல குடலின் முனையை வெளியே எடுத்து, அதில் ஒரு பையை மாட்டினார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு, கெட்ட பகுதியை வெட்டியெடுத்துவிட்டு நல்லதைக் கீழே இழுத்துத் தைப்பதாக ஏற்பாடு. அதுவரை எல்லாம் பையில்தான். பையின் ஒட்டும் தகட்டில் அந்தக் குடல் முனை நுழைகிற அளவுக்குச் சரியாக வட்டம் வெட்ட வேண்டும். ஒரு நூல் பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துவிடும், ஒரு நூல் சிறிதானால் குடல் நெரிபடும். முதல் வாரம் அழுதுகொண்டே வெட்டினேன். பிறகு கை பழகிவிட்டது. பிள்ளையும் நான் வெட்டும்போது காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டான். பை வந்த நாளிலிருந்து நாத்தனார் மட்டும் அவனைத் தூக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்ல" என்பாள், போய்விடுவாள்.

அதனால்தான், "அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் மரபணு பார்த்துக்கறீங்களா? பிள்ளைக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும், அடுத்த பிள்ளைக்கும் உதவும்" என்று டாக்டர் கேட்டதும், அவர் முடிப்பதற்குள் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டேன். அடுத்த பிள்ளையைப் பற்றியெல்லாம் நினைக்கவே இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான். என் வழியில் வந்தது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு கிடக்கலாம், அவர்கள் வழி என்றால் தெருவைக் கூட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தேன்.

முடிவு சொல்ல ஒரு தனி அறை. மரபணு ஆலோசகர் என்று ஒரு பெண், கண்ணாடி போட்டவர், மெல்லப் பேசுகிறவர். மேஜைமேல் அழுகிறவர்களுக்காக ஒரு டிஷ்யூப் பெட்டி. ஒட்டு சரியில்லாமல் மூலை பிரிந்திருந்தது. யார் பட்டறையில் செய்ததோ தெரியவில்லை, கண்ணை உறுத்தியது.

"குடல் நரம்பு வளர ஒரு மரபணு வேணும். அதுல உங்க பையனுக்கு ஒரு சின்ன மாற்றம் இருக்கு" என்றார் ஆலோசகர். "அது அம்மாகிட்ட இல்ல. அப்பாகிட்ட இருக்கு."

அடேயப்பா! அந்த நிமிஷம் என் உடம்பில் ஓடியதை என்னவென்று சொல்வது? பட்டறையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் அப்படி இருந்திருக்காது. நாத்தனார் வீட்டு வாசலில் நின்று எந்த வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"இது யார் தப்பும் இல்ல. அப்பாவுக்கு இருந்தும் அவருக்குக் குடல் நோய் வரலை பாருங்க. இது சிலருக்கு வரும், சிலருக்கு வராது" என்று அவர் சொன்னது என் காதில் பாதிதான் விழுந்தது. அடுத்துச் சொன்னது முழுதாக விழுந்தது. "ஆனா இந்தக் குறிப்பிட்ட மாற்றத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. இதே மாற்றம் பின்னாடி கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியில புற்றுநோயைக் கொண்டுவரலாம். உங்க வீட்டுல யாருக்காவது கழுத்துல ஏதாவது?"

என் வீட்டுக்காரர், "அப்பாவுக்குக் கட்டி இருந்துச்சு. அதுலதான் போயிட்டாரு" என்றார். மாமனார் சிகரெட்டால் செத்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா."

"அப்ப அவங்களுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் கண்டுபிடிச்சா சுரப்பியை எடுத்துட்டு, தினம் ஒரு மாத்திரையோட ஆயுசு முழுக்க நல்லா இருக்கலாம். விட்டா பரவிடும். அவங்களை நாங்களா கூப்பிட்டுச் சொல்லக் கூடாது, விதி அப்படி. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பஸ்ஸில் நான், "இப்படியே இறங்கி அண்ணி வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஜெயித்த சந்தோஷம் அந்த அறையிலேயே செத்துப்போயிருந்தது. அவள் எவ்வளவு பேசியிருந்தாலும் கழுத்தில் எமன் உட்கார்ந்திருந்தால் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா?

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே. நீ சொன்னா அது சண்டையாயிடும்" என்றார். அதில் நியாயம் இருந்தது. சரி என்று விட்டேன்.

சொல்லத்தான் போனார். முதல் தடவை போய், அடுப்படிக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு வந்தார். "சொன்னீங்களா?" என்றால், "அவ வேலையா இருந்தா." இரண்டாம் தடவை மொட்டைமாடித் தொட்டியின் மிதவையைச் சரிபண்ணினார். "மாமா வீட்டுல இருந்தாரு." பிறகு ஒருநாள் குளியலறைத் தண்ணீர்ப் போக்கு. அந்த வருஷம் என் நாத்தனார் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. அவ்வளவு தடவை என் வீட்டுக்காரர் அக்காவிடம் உண்மையைச் சொல்லப் போயிருக்கிறார்.

அதற்கிடையில் அவர் கழுத்தைப் படமெடுத்ததில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தார். சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அக்காவிடம் வெளியூரில் பெரிய கட்டடத்தில் குழாய் வேலை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். தழும்பு கழுத்தின் குறுக்கே தெரியுமே? அதற்கும் வழி கண்டுபிடித்தார். நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறவள். பள்ளிக்கூடச் சீருடைதான் முக்கால்வாசி. அவளிடமே போய், "அக்கா, சட்டைக்குக் காலரைக் கொஞ்சம் உசரமா வச்சுத் தையேன்" என்றிருக்கிறார். தம்பிக்குத் திடீரென்று வந்த மைனர் ஆசையைக் கேலிசெய்துகொண்டே அவளும் தைத்துக் கொடுத்தாள். அவளைக் காப்பாற்றக்கூடிய தழும்பை அவளே துணிபோட்டு மூடினாள். எனக்கு அந்தச் சட்டைகளைத் துவைக்கும்போதெல்லாம் கல்லில் ஓங்கி அடிக்கத் தோன்றும். அடிப்பேன்.

பையை அடிக்கடி திறக்க வேண்டும் என்பதால் வயிற்றுப் பக்கம் திறக்கிற மாதிரி குழந்தைக்குச் சட்டை வேண்டியிருந்தது. கடையில் கிடைக்காது. வேறு வழியில்லாமல் நாத்தனார் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார். அங்கே கை கழுவும் தொட்டிக்குக் கீழே ஒழுகுகிறதாம். "இன்னைக்குக் கண்டிப்பா சொல்லிடறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நாத்தனார் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். குழந்தையை அளக்க அதை உருவினாள். அப்போதுதான் பார்த்தேன். கழுத்தில், ஒரு பக்கமாக, கோலிக்குண்டு அளவுக்கு. எச்சில் விழுங்கினாள், அது மேலே ஏறி இறங்கியது.

"அண்ணி, கழுத்துல என்ன அது?"

"சளி கட்டிக்கிட்டு நிக்குது. வெந்நீர் குடிக்கிறேன், கரைஞ்சிடும்."

நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன். கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. ஸ்பானர் சத்தம் கேட்டது. சொல்லு மனுஷா, இதுதான் நேரம், சொல்லு!

சீருடை வாங்க வந்திருந்த ஒரு பெண் குழந்தையின் பையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னங்க இது பச்சப்பிள்ளைக்கு?" என்றாள். நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "என்னத்தைச் சொல்ல? எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கிடையாது. இவ வழியில வந்தது. என் தம்பி தலையில எழுதியிருக்கு, அனுபவிக்கிறான்."

ஸ்பானர் சத்தம் நின்றது. நான் காத்திருந்தேன். பிறகு ஸ்பானர் மறுபடியும் திருக ஆரம்பித்தது.

அவ்வளவுதான், எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. "யார் வம்சம்? உங்க வம்சம்! உங்க அப்பாகிட்டயிருந்து உங்க தம்பிக்கு வந்து, அவர்கிட்டயிருந்து என் பிள்ளைக்கு வந்திருக்கு! உங்க அப்பாவை சிகரெட்டா கொன்னுது? இதேதான் கொன்னுது! உங்க கழுத்துல இருக்கிறது சளி இல்ல, அதேதான்! இன்னைக்கே போய்க் காட்டலைன்னா அது உங்களையும் கொண்டுபோயிடும்!" என்று கத்தினேன். தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. எதிர்க்கடைக்காரன் வாசலுக்கு வந்தான். என் தொண்டை பட்டறைத் தொண்டை, அதற்குச் சின்னக் கடை எம்மாத்திரம்?

நாத்தனார் முகம் வெளுத்துப்போனது. "அடிப்பாவி, கரிநாக்கு! என் கடையில நின்னு எனக்கே சாபம் விடறியா?" என்றவள், தொட்டிப் பக்கம் திரும்பினாள். "டேய் தம்பி, வெளிய வா. இவ சொல்றது நிஜமாடா?"

அவர் வெளியே வந்தார். பழைய துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அவ கோவத்துல ஏதோ சொல்றா. நீ மனசுல வச்சுக்காதக்கா" என்றார்.

"சட்டையைத் திறந்து காட்டுங்க!" என்று நான் பாய்ந்து அவர் காலரைப் பிடித்தேன். அவர் ஈரக்கையால் காலரை இறுக்கிப் பொத்திக்கொண்டார். நாத்தனார் என்னைப் பிடித்துத் தள்ளினாள். கட்டின புருஷன் சட்டையைக் கடைத்தெருவில் பிடித்து உலுக்குகிறவள், அவள் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரிந்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஒரு மணிநேரம் கேட்டேன். கடைசியில், "நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? நீ அப்படிக் கத்தாம இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார். "போய் மெதுவா, தன்மையா எடுத்துச் சொல்லு. கேப்பா."

அதையும் செய்தேன். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக எனக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்தாள், உள்ளே விட்டாள். தரையில் உட்கார்ந்தேன். என் ஜென்மத்தில் பேசாத குரலில், எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்த குரலில், ஆலோசகர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு நடந்த ஆபரேஷனையும் சொன்னேன். "அண்ணி, ஒரு தடவை போய்க் காட்டிட்டு வந்துடுங்க. ஒண்ணுமில்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி."

அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபச் சிரிப்புகூட இல்லை, அன்பான சிரிப்பு!

"மன்னிப்புக் கேக்க வந்தவ நேரா கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே? சொன்ன பொய்யை இன்னும் எதுக்கு இழுக்கறே? அன்னைக்கு நடந்ததை நான் எப்பவோ மறந்துட்டேன்."

"பொய் இல்ல அண்ணி. நிஜம்."

"போடி. நிஜமா இருந்தா நீ இப்படியா உக்காந்து முணுமுணுப்பே? இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? அவனுக்கு ஆபரேஷன்னா என்கிட்ட சொல்லாம இருப்பானா? அவன்தான் இல்லைன்னுட்டானே." எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்படி மெதுவாப் பேசினா நீ எவ்வளவு நல்லா இருக்கே பாரு."

கத்தியிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கத்தினதைத்தான் ஏற்கெனவே சாபம் என்று சொல்லியாகிவிட்டதே! கத்தினால் கோபம், மெதுவாகச் சொன்னால் மன்னிப்பு. நிஜத்தைச் சொல்ல மூன்றாவதாக ஒரு குரலுக்கு நான் எங்கே போவேன்? தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அன்றிரவு அவரிடம், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், ஒரே ஒரு வார்த்தை" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போய் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு பிள்ளையின் பெரிய ஆபரேஷன் வந்தது. கெட்ட குடலை வெட்டியெடுத்து, நல்லதைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் முதல் தடவையாக அவன் துணியில் போனபோது நான் போட்ட சத்தத்தில் வார்டே ஓடி வந்தது. என்னவோ ஏதோவென்று பதறி வந்த நர்ஸ், துணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மலத்தைப் பார்த்து அப்படி ஆனந்தக் கண்ணீர் விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீங்கிக் கிடந்த குடல் தன் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. வெட்டியெடுத்த துண்டை டாக்டர் ஒரு ஜாடியில் காட்டினார். பார்க்க ஒரு குறையும் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

நாத்தனார் குரல் கம்ம ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். முதலில் தையல் மெஷின் தூசி என்றாள். பிறகு தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கோலிக்குண்டு கோழிமுட்டையாகி, டேப்பால் மறைக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுரப்பியோடு கழுத்தில் பரவியிருந்ததை எல்லாம் தோண்டியெடுத்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பையும் அது பிடித்திருந்ததால் அதையும் விட்டுவைக்க முடியவில்லை. நெஞ்சிலும் இருக்கிறதாம். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. அவர் சொன்னபோது பக்கத்தில் நின்றது என் வீட்டுக்காரர்.

நாங்கள் பார்க்கப் போனபோது கழுத்தெல்லாம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். பிள்ளையைக் கட்டில் பக்கம் நிறுத்தினேன். இப்போது நடக்கிறான். அவன் தலையைத் தடவினாள், முதல் தடவையாக. பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள். காற்றுதான் வந்தது, குரல் இல்லை. காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தியே... ஏன்டி அவ்வளவு மெதுவாச் சொன்னே? நீ கத்தியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"கடையில கத்தினேனே அண்ணி."

"அது கோவம்னு தம்பி சொன்னானே."

தம்பி அறை மூலையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உயரக் காலர்ச் சட்டை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க" என்றேன். "இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு யார் பொய் சொன்னாங்கன்னு உங்க அக்காகிட்ட உங்க வாயால சொல்லுங்க."

அவர் குழாயை இறுக்கித் திருகினார். சொட்டு நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார். "வாஷர் போயிருக்கு" என்றார்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவனை விடு, பாவம். அவன் வாயில்லாப் பூச்சி. உனக்குத்தான் வாய் இருக்கே, நீதானே எப்படியாவது சொல்லியிருக்கணும்?" என்று காற்றாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து கட்டுத் துணியை நனைத்தது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். அவளை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார் அந்த மனுஷன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அவன் கழுத்திலும் அது காத்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் சேர்க்கிறதுக்கு முன்னால் சுரப்பியை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்துவிடுவேன், அதில் எனக்குப் பயமில்லை. அப்பனிடமிருந்து அவனுக்கு வேறு எது வந்திருக்கிறது என்பதற்குத்தான் எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி போனது. அதில் ஏற வேண்டும் என்று கையை நீட்டினான். விடவில்லை. உடனே ஆஸ்பத்திரியே அதிரும்படி வீறிட்டான். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்து, "ஷ்... சத்தம் போடக் கூடாது" என்றார்.

அந்த விரலைத் தட்டிவிட்டேன். "கத்தட்டும் விடுங்க" என்றேன். "கத்துடா என் ராஜா. நல்லாக் கத்து."

அவன் கத்தினான். எல்லா அறைகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.